எரித்திரிய வீட்டு முறையில் பூன் காய்ச்சி மூன்று சுற்றும் பரிமாறுவது எப்படி

வடகிழக்கு ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவின் திக்ரிஞா மொழியில் காப்பிக்குப் பூன் என்று பெயர். பச்சைக் காப்பிக்கொட்டையை வந்தவர்களின் கண்ணெதிரே கழுவி, வறுத்து, இடித்து, ஜெபெனா என்னும் மண்குடுவையில் காய்ச்சி, அதே தூளில் மூன்று முறை வடித்து, மூன்று சுற்றாகப் பரிமாறுவது அவர்கள் வழக்கம். கொட்டையைக் கையில் எடுத்ததிலிருந்து கடைசிக் குவளையைக் கவிழ்த்து வைப்பது வரை ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாத நாளில் இதைத் தொடங்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. காப்பியின் சுவைக்காக மட்டும் இதைச் செய்வதாக இருந்தால் இத்தனை பாடு தேவையில்லை. மூன்று சுற்று முடியும் வரை ஒன்றாக உட்கார்ந்திருப்பதற்காகவே இது செய்யப்படுகிறது.

நான் இதைக் கற்றுக்கொண்டது சுவிட்சர்லாந்தில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் வசிக்கும், எரித்திரியத் தலைநகரான அஸ்மாராவைச் சேர்ந்த பாட்டியிடம். கட்டடத்திலுள்ள எரித்திரியப் பிள்ளைகள் எல்லோரும் அவரை ‘அதேய்’ என்று அழைக்கிறார்கள். ‘என் அம்மா’ என்று அதற்குப் பொருள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். அவர் என்னைக் ‘குவாலேய்’, அதாவது ‘என் மகளே’ என்பார். ஈழத்தமிழரும் எரித்திரியரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் கட்டடங்கள் இந்த நாட்டில் பல உண்டு. அப்படிப்பட்ட அயல்வீட்டில் விருந்தினராக உட்காரப் போகிறவர்களுக்கும், அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தாமே காய்ச்சிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

அடுப்பு மூட்டும் முன் ஒரு விஷயம். எரித்திரியர் வீட்டில் இதனை ‘எத்தியோப்பியக் காப்பி’ என்று சொல்லிவிடாதீர்கள். எத்தியோப்பியாவிலும் இதே ஜெபெனாவும் இதே மூன்று சுற்றும் உண்டு, அம்ஹாரிக் மொழியில் காப்பிக்குப் புன்னா என்று பெயர், இரு நாட்டு மேட்டுநில மக்களுக்கும் இது பொதுவான வழக்கம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதற்காக முப்பது ஆண்டுகள் போரிட்ட மக்களின் வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை மறக்கக் கூடாது.

1890இல் இத்தாலி செங்கடல் கரையிலுள்ள இந்த நிலத்தைத் தன் குடியேற்ற நாடாக அறிவித்து எரித்திரியா என்று பெயரிட்டது. 1941இல் பிரித்தானியர் இத்தாலியரைத் தோற்கடித்து ஆட்சியை எடுத்துக்கொண்டனர். ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 1952இல் எரித்திரியா தன்னாட்சியுடன் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியில் இணைக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1962இல், அந்தத் தன்னாட்சி ஒழிக்கப்பட்டு நாடு எத்தியோப்பியாவின் ஒரு மாகாணமாக்கப்பட்டது. திக்ரிஞாவும் அரபியும் ஆட்சிமொழிகளாக இருந்த இடத்தில் அம்ஹாரிக் வந்து அமர்ந்தது. 1961 செப்டம்பரில் தொடங்கிய ஆயுதப் போராட்டம், 1991 மே 24 அன்று விடுதலைப் படை அஸ்மாராவுக்குள் நுழைந்தபோது முடிந்தது. 1993 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 99.8 விழுக்காட்டினர் விடுதலையை ஏற்றனர். இவ்வளவையும் உங்கள் வாயால் அவர்களிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. பூன் என்ற சொல்லைப் பூன் என்றே சொன்னால் போதும், உங்களுக்கு இது தெரியும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

முதல் தேவை ஜெபெனா. உருண்டை வயிறும், ஒல்லியான நீண்ட கழுத்தும், பக்கவாட்டில் ஒரு கைப்பிடியும் கொண்ட கருமண் குடுவை அது. பல எரித்திரிய ஜெபெனாக்களில் தனியாக மூக்கு இருக்காது. நீரும் தூளும் உள்ளே போவதும் காப்பி வெளியே வருவதும் அந்த ஒரே கழுத்து வழியாகத்தான். அதனால் ஊற்றும்போது கழுத்தில் ஒரு சிறு நார்ச்சுருளைத் திணித்துக்கொள்வார்கள். தூள் குவளைக்குள் விழாமல் அது தடுக்கும். அடி உருண்டையாக இருப்பதால் கீழே வைக்க ஒரு பிரிமணை தேவை. நிறத் துணியும் வைக்கோலும் சுற்றிய அழகான பிரிமணைகள் ஆப்பிரிக்கப் பொருள் விற்கும் கடைகளில் ஜெபெனாவோடு சேர்ந்தே கிடைக்கும்.

புதிய ஜெபெனாவை வாங்கிய அன்றே விருந்துக்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய காப்பி மண்டியையும் தண்ணீரையும் அதில் நிரப்பிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவைத்துக் கொட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் மண்வாடை நீங்கும், நுண்துளைகளும் அடைபடும். நான் முதல் முறை பொறுமையில்லாமல் நேரடியாகக் காய்ச்சியபோது, குடித்தவர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள் என்றாலும் குவளையில் ஈரமண் வாசம் மிதந்தது.

அடுத்து, கைப்பிடியற்ற சிறு குவளைகள், ஃபிஞ்சால் என்பார்கள். ஒன்றில் ஏறத்தாழ 60 மில்லிலிட்டர் கொள்ளும். வறுக்க நீண்ட கைப்பிடி வைத்த சிறு வாணலி, இடிக்க உரலும் உலக்கையும் அல்லது மின் அரைப்பான், கொட்டையை ஆற்றவும் அடுப்பை விசிறவும் வைக்கோலில் பின்னிய விசிறி, சாம்பிராணிக் கட்டிகள், அவற்றைப் புகைக்க ஒரு சிறு மண்தூபக்கால். ஊரில் இவை அனைத்துக்கும் நடுநாயகமாக இருப்பது ஃபெர்நெல்லோ என்னும் கரியடுப்பு. அந்தப் பெயர் இத்தாலிய மொழியின் ஃபோர்னெல்லோ. ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் பானி என்பதும் அங்கிருந்து வந்ததே. ஐம்பது ஆண்டு ஆண்டவர்களின் சொற்களை அடுக்களையில் வைத்துக்கொண்டு, தம்மை யாரென்று தாமே முடிவுசெய்த மக்கள் இவர்கள்.

குளிர்நாட்டு அடுக்குமாடி வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டவே மூட்டாதீர்கள். சாளரங்கள் அடைத்த அறையில் கரிப்புகையின் நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடும். எங்கள் அதேய் சிறிய மின்னடுப்பைக் கூடத்தின் நடுவே தரையில் வைத்துக் காய்ச்சுகிறார். எரிவாயு அடுப்பானால் தீக்கும் ஜெபெனாவுக்கும் இடையே ஓர் இரும்புத் தகடு வையுங்கள், மண் வெடிக்காது. தூண்டல் அடுப்பில் மண்குடுவை சூடேறாது.

நாள் பார்ப்பது

எந்த நாளிலும் பூன் காய்ச்சலாம். பிற்பகலில் அயல்வீட்டுப் பெண்கள் கூடிக் காய்ச்சுவது அன்றாட வழக்கம். ஆனால் கூட என்ன தருவது என்பதை நாள் முடிவு செய்யும். எரித்திரியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறித்தவர், பாதிப்பேர் முஸ்லிம்கள். ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளியிலும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நீண்ட தவக்காலத்திலும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடமாட்டார்கள். முஸ்லிம் வீடு என்றால் ரமலானில் நோன்பு திறந்த பிறகே பூன். அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சில நாள்களுக்குத் தனிப் பொருள் உண்டு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பின்பற்றும் கீஸ் நாள்காட்டியின்படி புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று வரும், நெட்டாண்டை ஒட்டிச் சில வேளை 12 அன்று. ஜனவரி 7 கிறிஸ்து பிறப்பு. மே 24 விடுதலை நாள். ஜூன் 20 மாவீரர் நாள். அதற்கு முந்தைய மாலையில் அஸ்மாராவில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தித் தெருக்களில் நடப்பார்கள். விடுதலைப் போரில் ஏறத்தாழ 65,000 போராளிகள் இறந்தனர்; நாட்டின் மக்கள்தொகையோ சில மில்லியன்தான். ஆதலால், ஒருவரையாவது இழக்காத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாளில் பூன் குடிக்க அழைக்கப்பட்டால் போங்கள், வாழ்த்து மட்டும் சொல்லாதீர்கள்.

ஹிம்பாஷா

காப்பிக்குத் துணையாகப் பொரித்த மக்காச்சோளம் எப்போதும் இருக்கும். விசேட நாளில் ஹிம்பாஷா என்னும் இனிப்பு ரொட்டி வேண்டும். கோதுமை மாவு 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60 கிராம், பொடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி, உப்பு சிறிது, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் சுமார் 300 மில்லிலிட்டர் எடுத்து மிருதுவாகப் பிசைந்து, இரு மடங்காகப் பொங்கும் வரை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அகலமான, அடி கனத்த வாணலியில் ஒரு விரற்கடைத் தடிமனில் பரப்பி, நடுவில் ஒரு வட்டமும் அதிலிருந்து விளிம்பு வரை ஆரக்கால்களும் கத்தி முனையால் கீறுங்கள். வண்டிச் சக்கரம் போன்ற இந்தக் கோலம் இல்லாவிட்டால் அது வெறும் ரொட்டிதான் என்பது அதேயின் தீர்ப்பு. இன்னும் கால்மணி ஓய்வுக்குப் பின் மூடிபோட்டு, சிறு தீயில் ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிடம் போல வேகவைத்துத் திருப்புங்கள். எண்ணெயில் செய்தால் விரத நாளுக்கும் ஆகும்.

வறுப்பது

ஆறு பேருக்குப் பச்சைக் காப்பிக்கொட்டை 50 கிராம் போதும். அதைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கையால் தேய்த்துக் கழுவுங்கள். மெல்லிய தோல் மேலே மிதந்து வரும், அதை வடித்துவிடுங்கள். பிறகு வாணலியில் போட்டு நடுத்தரத் தீயில் விடாமல் குலுக்க வேண்டும். முதலில் ஈரம் போகும், பிறகு மஞ்சள் ஏறும், பிறகு கொட்டை பட் பட்டென்று வெடிக்கும். வெடிச் சத்தம் ஓய்ந்து, நிறம் நல்ல கரும்பழுப்பாகி, மேலே எண்ணெய் மினுங்கும்போது இறக்குங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். கை ஓய்ந்தால் ஒருபுறம் கருகும். கருகிய கொட்டை ஒன்றிரண்டே ஆனாலும் மூன்றாம் சுற்றில் அந்தக் கசப்புத்தான் மிஞ்சி நிற்கும்.

இறக்கியவுடன் அரைக்கப் போய்விடாதீர்கள். புகை எழுந்துகொண்டிருக்கும் அந்த வாணலியை ஒவ்வொரு விருந்தினர் முன்னும் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்த வேண்டும். விருந்தினராக இருந்தால் உள்ளங்கையைக் குவித்துப் புகையைத் தம் முகத்தின் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். தீபாராதனைத் தட்டின்மேல் கைநீட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த அசைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மணம் என்று சொல்ல வேண்டிய இடமும் இதுவே. பேசாமல் இருந்தால் காய்ச்சுகிறவர் மனம் சுருங்கும்.

இதை வீட்டிலுள்ள பெண்தான் செய்வார். சரிகைக் கரையிட்ட வெள்ளைப் பருத்தி ஆடையும், நெட்ஸெலா என்னும் மெல்லிய வெள்ளைப் போர்வையும் அணிந்து, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து செய்வதை விசேட நாளில் பார்க்கலாம். இந்த வேலை பெண்களுக்கே என்று எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடுதலைப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண்; கால்களில் ஷிதா என்னும் ஞெகிழிச் செருப்போடு மலை ஏறிப் போரிட்டவர்கள் அவர்கள். அந்தச் செருப்புக்கு அஸ்மாராவின் நடுவே நினைவுச்சின்னமே உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் ஊர் திரும்பி முக்காலியில் உட்கார்ந்து கொட்டை வறுத்தபோது மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் கட்டடத்தில் இப்போது அதேயின் பேரன் வறுக்கிறான், அவர் தீயை மட்டும் பார்த்துக்கொள்கிறார்.

காய்ச்சுவது

கொட்டை சற்று ஆறியதும் இடியுங்கள். ரவைக்கும் மாவுக்கும் இடைப்பட்ட பதம் வேண்டும். இதில் சுக்கு ஒரு சிறு துண்டு சேர்த்து இடிப்பது எரித்திரிய வழக்கம். எவ்வளவு என்பது ஊரைப் பொறுத்தது. மேட்டுநிலத்தில் கொஞ்சம் போடுவார்கள். மேற்குத் தாழ்நிலத்து ஹெதாரெப் மக்களும், எல்லைக்கு அப்பால் கிழக்குச் சூடானிலுள்ள அவர்களின் உறவினரான பேஜா மக்களும் தொண்டை காரமாகும் அளவுக்குப் போடுவார்கள்.

ஜெபெனாவில் ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, நீர் சூடேறியதும் தூளைக் கழுத்து வழியாகச் சிறிது சிறிதாக இடுங்கள். ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டால் சிந்தாது. குடுவை முழுவதும் நிரம்பக் கூடாது, மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். இனி நீங்கள் பார்க்க வேண்டியது கழுத்தை மட்டுமே. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு உள்ளே முனகுவது போல ஓர் ஓசை எழும். கழுத்தின் வாயில் பழுப்பு நுரை ஒரு குமிழியாக எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் ஜெபெனாவைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுரை வழிந்து அடுப்பில் சீறும். தூக்கி, மேலே வந்த காப்பியைச் சிறிது ஒரு குவளையில் ஊற்றி, நுரை அடங்கியதும் அதைத் திரும்பக் கழுத்தில் ஊற்றி, மறுபடியும் தீயில் வையுங்கள். இப்படி மூன்று நான்கு முறை பொங்கவிட்டால்தான் தூளின் சாறு முழுவதும் இறங்கும்.

அஸ்மாரா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். தாழ்வான ஊரில் அதே அளவு நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறுவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே பொங்கிய உடனே தூக்குங்கள், தளதளவென்று கொதிக்க விடாதீர்கள்.

கடைசிப் பொங்கலுக்குப் பின் ஜெபெனாவைப் பிரிமணையில் சற்றுச் சாய்த்து நான்கைந்து நிமிடம் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் படியும். இந்த இடைவெளியில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

ஊற்றுவது

குவளைகளை ஒரு தட்டில் நெருக்கி அடுக்கி, ஒவ்வொன்றிலும் சர்க்கரையை முன்பே போட்டுவிடுங்கள். இரண்டு தேக்கரண்டி என்பது அவர்களுக்குச் சாதாரணம். பால் கிடையாது. கழுத்தில் நார்ச்சுருளைத் திணித்து, குவளைக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய ஒழுக்காக ஊற்றத் தொடங்கி, ஒரு குவளை நிரம்பியதும் ஒழுக்கை நிறுத்தாமல் அடுத்த குவளைக்கு நகர்த்த வேண்டும். நிறுத்தி நிமிர்த்தினால் படிந்த மண்டி கலங்கும். தட்டில் சில சொட்டு சிந்துவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. முதல் குவளை அங்கிருப்பவர்களில் மூத்தவருக்கு.

முதல் சுற்றுக்கு அவெல் என்று பெயர். காப்பி அடர்த்தியாக இருக்கும். குவளைக்குக் கைப்பிடி இல்லாததால் விளிம்பை இரு விரல்களால் பிடித்துச் சிறிது சிறிதாக உறிஞ்சுங்கள். ‘துஉம்’ என்றால் ‘சுவையாக இருக்கிறது’. இந்தச் சொல்லைச் சொல்லாமல் முதல் குவளையைக் கீழே வைக்காதீர்கள். நன்றி சொல்ல ‘யெகெனியெலேய்’. நலம் கேட்கும்போது ஆணிடம் ‘கெமேய் அலேகா’, பெண்ணிடம் ‘கெமேய் அலேகி’. நமக்கு ‘நீங்கள்’ இருப்பது போல, திக்ரிஞாவிலும் மரியாதைக்குப் பன்மை வடிவமே வரும். மூத்த ஆணிடம் ‘கெமேய் அலேகும்’, மூத்த பெண்ணிடம் ‘கெமேய் அலேகென்’. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்ன அன்றுதான் அதேய் என்னை அருகில் அழைத்து உட்காரவைத்தார்.

குவளைகள் திரும்பி வந்ததும், ஜெபெனாவில் எஞ்சிய மண்டியின்மேலேயே நீர் ஊற்றி மீண்டும் காய்ச்சுங்கள். புதிய தூள் சேர்க்கக் கூடாது. இது இரண்டாம் சுற்று, கலேஇ. மூன்றாவது பெரெகா, அச்சொல்லில் ஆசி என்ற பொருள் உண்டு. நீர்த்துப்போன அந்தக் காப்பியில் சர்க்கரையும் சுக்கும்தான் தெரியும். ஆனாலும் அதைக் குடிக்காமல் எழுந்து போவது ஆசியை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். அவசரமாகப் போக வேண்டியிருந்தால் முதல் குவளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கேற்பச் சீக்கிரம் காய்ச்சிக் கொடுப்பார்கள்.

சுற்றுகளுக்கு இடையே பேசுவது

அவெல் சுற்றில் ஊர்ப்பெயர் கேளுங்கள். ‘எரித்திரியர்’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் ஒன்பது மக்கள் இருக்கிறார்கள். திக்ரிஞா, திக்ரே, சாஹோ, அஃபார், பிலேன், குனாமா, நாரா, ரஷாய்தா, ஹெதாரெப் என்பன அவர்களின் பெயர்கள். செமித்தியம், குஷித்தியம், நைல்-சகாரம் என்று மூன்று மொழிப்பிரிவுகளைச் சேர்ந்த மொழிகளை அவர்கள் பேசுகிறார்கள். தொடக்கப் பள்ளியில் அவரவர் தாய்மொழியில் கற்பிப்பது நாட்டின் கொள்கை. நீங்கள் போகும் வீடு திக்ரிஞா பேசும் வீடாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டாமல் கேட்டால், மசாவாத் துறைமுகத்துக் கதையோ, கெரென் சந்தையின் கதையோ வரும்.

அஸ்மாராக்காரர் என்றால் அந்தப் பெயரின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த நான்கு ஊர்களின் பெண்கள் கூடி, ஆண்களைச் சமாதானத்துக்கு இணங்கவைத்து ஒரே ஊராக்கினார்கள் என்றும், ‘அந்த நால்வர் ஒன்றாக்கினர்’ என்ற பொருளில் அர்பாத்தே அஸ்மெரா என்று பெயர் வந்தது என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த வினைச்சொல்லே பெண்பாலில் இருக்கிறது என்பதை அதேய் விரலை உயர்த்தி இருமுறை சொன்னார். அதே நகரத்தில் இத்தாலியர் 1930களில் எழுப்பிய நவீன பாணிக் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. இருபுறமும் பதினைந்து மீட்டருக்குச் சிறகு விரித்து நிற்கும் ஃபியட் தல்யேரோ எரிபொருள் நிலையம் 1938இல் கட்டியது. 2017இல் யுனெஸ்கோ அஸ்மாராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது; எரித்திரியாவுக்குக் கிடைத்த முதல் அறிவிப்பு அது. அடக்கி ஆண்டவர்கள் கட்டியதைத் தம்முடையதென்று எப்படிக் கொண்டாட முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன். கல் சுமந்தது எங்கள் தாத்தாக்கள் என்று பதில் வந்தது.

நடப்பு அரசியலை நீங்களாக எடுக்க வேண்டாம். 1997இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எல்லையில்லாமல் நீளும் கட்டாய நாட்டுப்பணியிலிருந்து தப்பி வந்த இளைஞர்களும், விடுதலைக்காகத் தம் பிள்ளைகளைக் கொடுத்த முதியவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கலாம். 2023இல் ஜெர்மனியின் கீஸன் நகரிலும் ஸ்டாக்ஹோமிலும் எரித்திரிய விழாக்களில் இந்தப் பிளவு கைகலப்பாகவே வெடித்தது. ஆகவே, அன்பின் மிகுதியால் அறையை அலங்கரிக்கக் கொடி வாங்கிவிடாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என மூன்று முக்கோணங்களும் மஞ்சள் ஒலிவக் கிளையும் கொண்டது இன்றைய நாட்டுக் கொடி. இளநீலத்தில் பச்சை ஒலிவக் கிளை வரைந்த 1952ஆம் ஆண்டுக் கொடியை இன்றைய ஆட்சியை எதிர்ப்பவர்கள் பலர் ஏந்துகிறார்கள். எதை மாட்டினாலும் யாரோ ஒருவரை வெளியே நிறுத்துவீர்கள். வெள்ளை நெட்ஸெலாவும் சக்கரக் கோலமிட்ட ஹிம்பாஷாவும் எல்லோருக்கும் உரியவை, அவையே போதும். அவர்களாகப் பேசத் தொடங்கினால், அது பெரும்பாலும் இரண்டாம் சுற்றுக்குப் பிறகே நடக்கும், கேட்டுக்கொண்டிருங்கள்.

சாம்பிராணியை எப்போது புகைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். கொட்டை வறுத்த மணம் அடங்கிய பின், கலேஇக்கு நீர் ஊற்றும் நேரத்தில் புகைப்பதே நல்லது என்பது என் கருத்து; முன்னதாகப் புகைத்தால் இரண்டு மணமும் ஒன்றையொன்று கெடுக்கும். கட்டி சிறியதாக இருக்கட்டும். அடுக்குமாடியில் புகையுணர்வி அலறாமலிருக்க ஒரு சாளரத்தைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

எல்லோரும் போன பிறகு ஜெபெனாவை வெறும் வெந்நீரால் மட்டும் அலசுங்கள். சவர்க்காரம் போட்டால் மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த முறை காப்பியில் கக்கும். மண்டி கழுத்தில் சிக்கியிருந்தால் கம்பியால் குத்தாமல், கொஞ்சம் கல்லுப்பும் நீரும் விட்டுக் குலுக்கினால் வந்துவிடும். நார்ச்சுருளைத் தனியே பிழிந்து உலர்த்துங்கள். குடுவையைத் தலைகீழாகப் பிரிமணையில் கவிழ்த்து ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். மீந்த மண்டியை அதேய் எறிவதில்லை. அவர் மாடத்துத் தொட்டியில் துளசி போன்ற ஒரு செடி நிற்கிறது, அதன் வேருக்குப் போடுகிறார்.